தெற்கு ஆணியில் முப்பத்து மூன்று

முப்பத்து மூன்று என்று யாராவது சொன்னால், அது வயதோ கதவிலக்கமோ எதுவாக இருந்தாலும், என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். பையில் ஒன்றும் இருக்காது. அந்த எண் பொறித்த தகரத் தகடு ஒன்று ஒருநாள் அரைமணி நேரம் அங்கே கிடந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த அரைமணி நேரத்தைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின சில வருஷங்கள் நான் குற்றாலத்தில், ஒரு காட்டிலாகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு தென்காசியில். தினமும் சைக்கிள். குற்றாலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சாரலும் குளியலும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு வேலை மும்முரமாவது மாசி, பங்குனியில். அருவி பாறையில் ஈரக்கோடாக இளைத்துவிடும். மலை முழுக்கப் புல் காய்ந்து மொரமொரவென்று கிடக்கும். புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்க்கிறவர்கள் வேண்டுமென்றே பழம்புல்லில் நெருப்பு வைப்பதும் உண்டு. பீடி குடித்துவிட்டு ஒருவன் அலட்சியமாக எறிந்தாலும் போதும்.

மலை மேலே தந்தியும் கிடையாது, டெலிபோனும் கிடையாது. எங்கள் ரேஞ்சர் முதல் சண்டையில் பட்டாளத்தில் கண்ணாடி மினுக்கிச் செய்தி அனுப்பும் பிரிவில் இருந்தவர். மீசையும் குரலும் அப்படியே பட்டாளத்திலிருந்து வந்தவை. அவர்தான் தீக்காவலர்களுக்கெல்லாம் கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்து எண் போட்டார். அவர் எண் ஒன்று. அவருக்குக் கீழே இருந்த இரண்டு பாரஸ்டர்களும் இரண்டு, மூன்று. இரண்டாம் பாரஸ்டரின் ஆட்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போவார்கள். மூன்றாமவரின் ஆட்கள் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று. எண்ணில் பூஜ்யம் வராது, ஏனென்றால் பூஜ்யத்தை எப்படி மினுக்குவது? ஐந்துக்கு மேற்பட்ட இலக்கமும் கிடையாது. எண்ணுகிறவனுக்குக் கண் பூத்துவிடும். மூன்று மினுக்கு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று மினுக்கு என்றால் முப்பத்து மூன்றாம் எண்காரர் பேசுகிறார். அதற்குப் பின்னால் நீளமாக ஒன்று வந்தால் தீ.

தொலைவிலிருந்த காவல் பாறைகள் கீழே எங்களுக்குத் தெரியாது. நடுப்பாறை என்று ஒன்று இருந்தது. அங்கே இருப்பவர் மற்றவர்கள் மினுக்குவதைப் பார்த்து, அதே எண்ணை அப்படியே எங்களுக்கு மினுக்குவார். ஆகவே வடக்கே இருந்து வந்தாலும் தெற்கே இருந்து வந்தாலும் எங்கள் கண்ணுக்கு ஒரே இடத்தில்தான் வெளிச்சம்.

எண்ணை இடத்துக்குக் கொடுக்காமல் ஆளுக்குக் கொடுத்ததுதான் ரேஞ்சரின் பெருமை. "பாறையா வந்து பதில் சொல்லும்? ஆளுதானவே சொல்லணும்!" என்பார். ஆள் எங்கே போனாலும் எண் கூடவே போகும். இன்றைக்கு எந்த எண் எந்தப் பாறையில் என்று சொல்வது ஆபீஸ் சுவரில் இருந்த பலகை. மலையை வரைந்து, பாறைக்கு ஒன்றாக ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாகத் தகடு மாட்டியிருக்கும். ஆள் மாறினால் தகட்டை மாற்ற வேண்டும். அது என் வேலை. 'எங்கே?' என்று திருப்பிக் கேட்பதற்கு எங்கள் கண்ணாடிப் பேச்சில் குறியே கிடையாது. பலகை இருக்கும்போது அது எதற்கு?

டீக்கடையில்கூட அவர்கள் எண் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். "ஏலே இருபத்தொண்ணு, தீப்பெட்டி வச்சிருக்கியா?" என்று ஒருவன் கேட்க, "தீக்காவலன்ட்ட தீப்பெட்டி கேக்குத பாரு, வெளங்கும்லே" என்று மற்றவன் சொல்ல, கடையே சிரிக்கும்.

முப்பத்து மூன்று என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நெல் விவசாயக் குடும்பம். பங்கு பிரித்ததில் நிலம் ஒன்றும் மிஞ்சாமல் காவல் வேலைக்கு வந்தவர். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமலிருந்து, அந்தப் பங்குனியில்தான் அவர் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. பிரசவத்துக்கு இலத்தூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் இருந்ததோ தெற்குப் பாறை. அங்கிருந்து இலத்தூருக்குப் போய்த் திரும்புவதென்றால் ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். வடக்குப் பாறையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் சாயங்காலம் போய்விட்டு விடியும்போது காவலுக்கு வந்துவிடலாம்.

அரிசி வாங்கக் கீழே வந்த ஒருநாள் ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, வடக்க இருக்க இருபத்து நாலு எடம் மாத்திக்கிடச் சம்மதிச்சுட்டான். பத்து நாளுதான். ரேஞ்சர் எசமான்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

ரேஞ்சர் அப்போது முகாமில் இருந்தார். அவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இருபத்து மூன்று வயது. வயதில் மூத்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார். தலை கனத்துவிட்டது.

"இதுக்குப் போயி எசமான்ட்ட நிக்கணுமா அண்ணாச்சி? நீங்க போங்க. நா பாத்துக்கிடுதேன்."

"பலகையில மாத்திருவீங்கல்லா?"

"அதெல்லாம் நா பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேம்லா."

அவர் போனபின் பலகையின் முன்னால் நின்றேன். தகட்டை மாற்றினால் ரேஞ்சர் வந்ததும் கண்ணில் படும். யாரைக் கேட்டு மாற்றினாய் என்பார். கிழித்துவிடுவார். மாற்றாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பத்து நாள்தானே, மனதுக்குள் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முப்பத்து மூன்று தெற்கு ஆணியிலேயே தொங்கியது.

ஆறாம் நாள் காலையில், வடக்குப் பாறைக்காரருக்குக் குழந்தை என்று கேள்விப்பட்ட ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, இருபத்து நான்குக்குப் பெண் குழந்தை என்று சிரித்துக்கொண்டே சொல்ல, "இல்லவே, முப்பத்து மூணுக்கு" என்று நானே திருத்தினேன். அதாவது எனக்கு எல்லாம் நினைவில் இருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் நான் மறக்கவில்லை என்பதற்கு என் வாயே சாட்சி.

அன்றைக்கே பதினொரு மணிவாக்கில் நடுப்பாறையில் வெளிச்சம். மூன்று. மூன்று. அப்புறம் நீளமாக ஒன்று.

முகாமிலிருந்து முதல்நாள்தான் திரும்பியிருந்த ரேஞ்சர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பலகையைப் பார்த்துவிட்டார். "தெக்குப் பாறை! ஓடுங்கலே!" என்று கத்தினார். அரிவாளும் கையுமாகத் தயாராக இருந்த பதினைந்து பேரும் கிளம்பினார்கள். அவரும் கூடவே போனார்.

ஒரு வார்த்தை போதும். 'வடக்கு' என்ற ஒரே வார்த்தை. சொன்னால் ஏன், எப்படி, யாரைக் கேட்டு என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவர்கள் தெருவைக் கடந்து மரங்களுக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். தெற்கே புகை இல்லை என்று கண்டதும் அவர்களாகவே திரும்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வெட்கக்கேடு.

நடுப்பாறை ஓயவில்லை. மூன்று, மூன்று, தீ. மூன்று, மூன்று, தீ. ஆபீஸில் நான் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எண்ணினேன். நாலு மணிக்கு மேல் மினுக்கல் நின்றுபோயிற்று. சூரியன் மலைக்குப் பின்னால் சாய்ந்ததாலா, மினுக்குவதற்கு வடக்கே கை இல்லாமல் போனதாலா என்று எனக்குத் தெரியவில்லை.

தெற்கே போனவர்கள் புகையைத் தேடி அலைந்து, மலையைச் சுற்றி வடக்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் இலத்தூர்ப் பக்கத்து ஆட்கள் புகையைப் பார்த்து ஏறிவந்து அணைத்திருந்தார்கள். புதிதாக நட்டிருந்த கன்றுகளெல்லாம் கருகிவிட்டன. முப்பத்து மூன்று ஓடவில்லை. ஆள் வருவார்கள், வருவார்கள் என்று தனியாளாகத் தழையை ஒடித்து ஒடித்துத் தீயை அடித்திருக்கிறார். தழை எரிந்து தீர்ந்தபின் வெறுங்கையாலேயே அடித்திருக்கிறார்.

இரண்டு கையிலும் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு மறுநாள் விசாரணைக்கு வந்தார்.

"ஒன்னைய அங்கன யாருவே போகச் சொன்னா?" ரேஞ்சரின் குரலுக்கு ஜன்னல் அதிர்ந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். தெற்கு ஆணியில் தன் தகடு தொங்குவதைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார்.

"யாரும் சொல்லல எசமான். நாங்களா மாத்திக்கிட்டோம். ஆபீஸ்ல சொல்லல."

பேனாவைப் பிடித்தபடி இருந்த நான் அதை அப்படியே எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அதே பேனாவால் அவரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவையும் எழுதினேன். இருபத்து நான்குக்கு எச்சரிக்கையோடு போயிற்று. "அந்தத் தகட்டைக் கழத்தும். புது ஆளு வருதான்" என்றார் ரேஞ்சர். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். புது ஆள் வர அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த நேரத்தில் வெளியே போனேன். அவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"போவுது தம்பி. ரெண்டு பேரு வேலையும் போயி என்ன ஆவப்போவுது? மறதி யாருக்குத்தான் இல்ல."

நான் தலையாட்டினேன். பையில் தகடு கிடந்தது.

பிறகு பல வருஷம் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க நானும் பாடுபட்டேன் என்பதுதான் உண்மை. சண்டையெல்லாம் முடிந்து ஒரு சாரல் காலத்தில், அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான் கூடை ஒன்றைக் கடந்தேன். "தம்பி!" என்று குரல். அவர்தான். விரல்கள் உள்ளே மடங்கி, உள்ளங்கையோடு ஒட்டியதுபோல இருந்தன. பழத்தைப் பொறுக்கிக் கொடுத்தது பக்கத்தில் இருந்த சிறுமி. எட்டு வயது இருக்கும்.

"ஏட்டி, இந்த மாமாதான். நீ பொறந்த அன்னைக்கு அப்பா ஒங்கிட்ட வரதுக்கு எடம் மாத்திக் குடுத்தது."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூடையைப் பார்த்தேன்.

அவள் பழம் கட்ட இலை எடுக்கப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது. அன்னைக்கு… மறந்துதான போச்சு?"

இவ்வளவு வருஷமும் அவர் அதை நம்பியும் நம்பாமலும் வைத்திருந்திருக்கிறார். கேட்கும்போது அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. அதுவும் ஒரே வார்த்தைதான். பக்கத்தில் ரேஞ்சர்கூட இல்லை.

"ஆமா அண்ணாச்சி. மறந்துதான் போச்சு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன்" என்று மடங்கிய கையால் என் முழங்கையைத் தட்டினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் குடு" என்றார்.