எக்ஸ்பயர்ட்

இன்று பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, 'எக்ஸ்பயர்' என்ற சொல்லின் பூர்வீகம் நன்றாகவே தெரியும். லத்தீனில் மூச்சை வெளியே விடுவதற்குத்தான் அந்தச் சொல் இருந்தது. பிறகு கடைசி மூச்சுக்கு ஆகிவந்தது. காகிதத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் சொல்லத் தொடங்கியது அதற்கப்புறம்தான். நான் அதைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டவள்.

லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவுக்கு அது விசாவோடு வந்த சொல். சவூதியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய மாமா, "எக்ஸ்பயர்டு ஆயிடுச்சு, வந்துட்டேன்" என்றார். எக்ஸ்பயர்டு ஆனால் ஊருக்கு வந்துவிடுவார்கள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அத்தாவுக்கு எப்போது ஆகும் என்று அம்மாவை நச்சரிப்பேன். அத்தா, அதாவது என் அப்பா, சவூதிக்குப் போய் நான்கு வருஷமாகியிருந்தது.

ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள் காலை தந்தி வந்தது. கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கியதும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். தந்தி என்றதுமே பயந்துபோன அம்மா அதை என்னிடம் நீட்டினாள். பெரம்பலூரில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. பிரித்துப் படித்தேன். 'ஹஸ்பெண்ட் எக்ஸ்பயர்ட். லெட்டர் ஃபாலோஸ்.'

"பயப்படாதம்மா. அத்தாவுக்கு எக்ஸ்பயர்டு ஆயிடுச்சு, வராங்க. பின்னாடியே லெட்டர் வருதாம்."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் என்னிடம் சர்க்கரை கொடுத்தனுப்பினாள். அத்தாவின் தலையணையை வெயிலில் போட்டாள். அவளை அவ்வளவு அழகாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து அதே சவூதி மாமா வந்தார். அம்மா தந்தியை அவரிடம் சந்தோஷமாக நீட்டினாள். படித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான் மௌத்தாயிட்டாரு புள்ள. நம்மள விட்டுப் போயிட்டாரு."

அம்மா அலறவில்லை. அவர் கையிலிருந்த தந்தியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள்.

"நீ படி. காலையில படிச்ச மாதிரியே படி."

மாமாவை முறைத்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அத்தா வராங்க என்று உரக்கச் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். மாமாவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா அவரை நம்பிவிட்டு என்னை நம்பாமல் போனாளே என்பதுதான் அன்றைக்கு என் துக்கமெல்லாம்.