மாதவனின் பட்டன்

ஓசூரில் பகல் ஷிப்டில் கியர் கடைந்துவிட்டு, சாயங்காலம் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்த சமியுல்லாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 2006இல் கெலமங்கலத்துக் கல்யாணத்தில் அது மேடையிலேயே வெடித்தது.

பாட்டின் மெட்டை எழுதி, வரிக்கு மேலே சி, எஃப், ஜி என்று கிட்டாரில் சேர்த்து மீட்ட வேண்டிய சுரக்கூட்டுகளான கார்ட்ஸைக் குறித்துக் கொடுப்பது கீபோர்டு மாதவனின் வேலை. அன்று பாடகி லாவண்யா, "சுருதி ஜாஸ்தியா இருக்குண்ணா, கொஞ்சம் எறக்குங்க" என்றாள். மாதவன் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிச் சுருதியை இறக்கிவிட்டு, கீபோர்டில் அதே கட்டைகளை அழுத்தினான். காகிதத்தை நம்பிய கிட்டார் பழைய சுருதியிலேயே அலறியது. பந்தியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"பட்டன தட்டுனா உன் பொட்டி எறங்கும். என் கிட்டாரு எறங்குமாடா? கார்ட்ஸ மாத்தி எழுதிக் குடுடா!" என்று கத்தினான் சமியுல்லா.

"நான் எழுதுனபடிதானே வாசிச்சேன்?" என்றான் மாதவன்.

அடுத்த ஒத்திகையில் சமியுல்லா அந்தப் பட்டன்மேல், தட்ட முடியாதபடி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டினான். லாவண்யா மறுபடியும் சுருதியை இறக்கச் சொன்னாள். மாதவனின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. எந்தக் கட்டையில் இறங்குவதென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

சமியுல்லா கிட்டாரைக் கழற்றி வைத்தான்.

"இத்தன வருஷமா வாசிச்சது நீயா, இந்தப் பட்டனாடா?"