ஒரே வரியில் முடித்த பிலோமினா மேடம்

பிலோமினா மேடம் இறந்த செய்தியை எங்கள் பழைய மாணவி ஒருத்திதான் முதலில் எனக்குச் சொன்னாள். சனிக்கிழமை. திருநள்ளாற்றுக் கோயில் கூட்டத்தில் நாங்கள் இருந்த பஸ் நகராமல் நின்றிருந்தது. "சார், நோட்ஸ எல்லாம் பிடிஎஃப் ஆக்குமே, அந்த டூல் எழுதுன மேடம் போய்ட்டாங்களாம் சார்" என்றாள். இன்னாலில்லாஹி என்று வாய் சொன்னது. மனம் வேறொன்றை நினைத்தது: நான் போனால் என்னை எதைச் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்?

கல்லூரியின் கணினித் துறையில் பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள். அவரை அறிந்த உங்களிடம் நான் புகழ்ந்து சொல்லத் தேவையில்லை. எனக்கு அவர்மேல் பொறாமை. அதை ஒளித்து வைத்துக்கொண்டு அஞ்சலி எழுத எனக்கு வராது.

டேப்லெட்டில் பேனாவால் எழுதிப் பாடம் நடத்தத் தொடங்கிய காலம் அது. எழுதிய குறிப்புகள் அந்தந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும். மாணவர்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக பிடிஎஃப் ஆக்க வேண்டும். அதற்காக நான் மாதக்கணக்கில் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். திரையில் அழகான ஜன்னல், வண்ணப் பொத்தான்கள், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை. துறையில் எல்லோரையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டிய அன்று, மேடம் பக்கத்துக் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் பச்சைப் பட்டை பாதிகூட நகர்ந்திருக்கவில்லை.

"ஏன் மேடம், ஓடலையா?" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"முடிஞ்சிடுச்சு சார். அது ஒண்ணும் சொல்லலைன்னா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

அந்தப் பருவத்தின் குறிப்புகள் மொத்தமும் பிடிஎஃப்களாகக் கிடந்தன. எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. துறைத்தலைவர் கேட்டார்.

"சார் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஒட்டுறாங்க. நான் பேனா போன கோட்ட கோடாவே தூக்கி வைக்கிறேன். அவ்வளவுதாங்க."

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்றுவரை ஜீரணமாகவில்லை.

தான் எழுதிய அந்த மென்பொருளை மேடம் இணையத்தில் இலவசமாக வைத்தார். எங்கெங்கிருந்தோ நன்றி சொல்லி எழுதினார்கள். புதுச்சேரியில் படிக்கும் என் மகள் ஒருநாள் போன் செய்தாள். "வாப்பா, ஹாஸ்டல்ல எல்லாரும் இதத்தான் யூஸ் பண்றாங்க. உங்ககூட வேலை பாக்குறவங்க எழுதுனதாம்ல? நீங்க சொல்லவேயில்ல?" ஆமாம் என்றுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

நோய் முற்றி மேடம் விடுப்பில் போனபோது, அந்த மென்பொருளை என்னிடம்தான் ஒப்படைப்பார் என்று உறுதியாக நம்பினேன். அவரோ, அதில் பிழை திருத்தி அனுப்பிக்கொண்டிருந்த, முகமே பார்த்திராத ஓர் அயல்நாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். கோட்டுச்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் ஜெரோம் டீயை வைத்துவிட்டு நகர்ந்ததும் கேட்டே விட்டேன்.

"பக்கத்து மேசையில நான் இருக்கேனே மேடம்? எங்கேயோ இருக்கிற ஆளுகிட்ட குடுத்துட்டீங்களே?"

"உங்ககிட்ட குடுத்தா நீங்க அதுக்கு ஜன்னல் வச்சிடுவீங்க சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தலையணையில் சாய்ந்து, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் ஜன்னல் வைத்திருப்பேன், சந்தேகமில்லை. நானும் சிரித்துவிட்டேன். பஸ் ஏறியபோது அந்த முகம் தெரியாத ஆளின்மேல் மறுபடி எரிச்சல் மூண்டது.

அடக்கம் முடிந்த வாரத்தில் அந்த அயல்நாட்டுக்காரரிடமிருந்தே துறைக்கு மின்னஞ்சல் வந்தது. மென்பொருளின் பக்கத்தில் மேடத்தைப் பற்றிச் சில வரிகள் சேர்க்க விரும்புவதாகச் சொல்லி, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருந்தார். பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது. வேண்டாத வார்த்தை பேசமாட்டார், மக்கு மாணவன் என்று யாரையும் சொன்னதில்லை, மீன்குழம்பு கொண்டுவந்தால் எல்லோருக்கும் சேர்த்தே கொண்டுவருவார் என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "இத்தனை வருடம் அவர் பக்கத்தில் உட்கார உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை."

அந்த வரியில் இருந்த உணர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு மேடம் சிரித்த சிரிப்பைப் பற்றி மட்டும் அந்த ஆளுக்கு நான் எழுதவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.