எஞ்சினை நிறுத்தாத மாப்பிள்ளை

போன வாரம் இந்த இடத்தில் பூசணிக்காய் அல்வா கிண்டுவது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பார்த்திருப்பீர்கள்.

என் பத்தி எங்கே என்று கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. ஒருவர் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்திருந்தார். இன்னொருவர் ஆசிரியரோடு சண்டையா என்று கேட்டிருந்தார். மூன்றாவது, பசறையிலிருந்து ஓர் அம்மையார் — அல்வா நன்றாக வந்தது, இனி அதையே தொடரலாம் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சண்டையும் இல்லை. பத்தி போய்ச் சேர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை நான் லொறி தள்ளிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்தி கொழும்புக்கு எப்படிப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? தபாலில் அல்ல. நான் கடைசி நிமிடம் வரை எழுதுகிற ஆள். பதுளையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்தி முடித்து, சனிக்கிழமை இரவு உட்கார்ந்து எழுதி, ஞாயிறு காலையில் பழனியாண்டியின் கையில் கொடுத்துவிடுவேன். பழனியாண்டி மரக்கறி லொறிச் சாரதி. வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி, அப்புத்தளை வழியாக மலையிறங்கி, பொழுது சாய்வதற்குள் கொழும்புச் சந்தையில் இறக்குவான். போகிற போக்கில் அச்சகத்தில் என் உறையையும் நீட்டிவிடுவான். ஆகவே நீங்கள் வாரா வாரம் இந்தப் பக்கத்தில் லேசாக லீக்ஸ் வாசனை வருகிறது என்று நினைத்திருந்தால், அது பிரமை அல்ல.

அவனுக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததில் எங்களுக்குப் பழக்கம். அந்த விண்ணப்பம் எந்தக் கந்தோரிலோ இன்னும் கிடக்கிறது. அதற்கும் பேட்டரி இல்லை போலிருக்கிறது.

'அதற்கும்' என்று ஏன் சொன்னேன்? பழனியாண்டியின் லொறிக்கும் பேட்டரி இல்லை. அதாவது, இருக்கிறது — பெயருக்கு. சாவியைத் திருகினால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். முதலாளியிடம் புதுசு கேட்டால், "மலைநாட்டில ஓடுற லொறிக்குப் பேட்டரி எதுக்குடா?" என்கிறாராம்.

முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றிக் கிளப்பலாமே என்பீர்கள். சுற்றலாம். போன மாசம் அது திருப்பி உதைத்ததில் கிளீனர் மாரிமுத்துவின் மணிக்கட்டு பிசகி, மனிதர் கையில் கட்டோடு வீட்டில் இருக்கிறார். ஹேண்டிலையும் கூடவே எடுத்துப் போய்விட்டார். இப்போது அது அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள்.

ஆகவே பழனியாண்டிக்கு ஒரே வழி — லொறியை எங்கே நிறுத்தினாலும் இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவது. உருண்டுவிடாமல் சில்லுக்குக் கட்டை கொடுப்பது. கிளம்பும்போது கட்டையை உருவி, லொறி தானாக உருள ஆரம்பித்ததும் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விடுவது. ஒரு குலுக்கல், ஓர் இருமல்... எஞ்சின் பிடித்துவிடும். பதுளையிலிருந்து கொழும்பு வரை எந்த இடத்தில் எத்தனை அடி இறக்கம் என்பது அவனுக்கு மனப்பாடம்.

பண்டாரவளையில் ஒரு கடையில் பாலும் நுரையுமாக அருமையான தேத்தண்ணி கிடைக்கும். அங்கே நிறுத்த மாட்டான். ஒரு மைல் தள்ளி, கழுநீர் மாதிரி ஒன்றைக் கொடுக்கிற கடையில் நிறுத்துவான்.

"ஏன் காணும், அந்தக் கடையை விட்டிட்டு இதிலை நிப்பாட்டுறீர்?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"மாஸ்டர், டீ நல்லா இருந்தாப் போதுமா? எறக்கம் நல்லா இருக்க வேணாமா?" என்றான்.

லொறிச் சாரதிகளுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்திமதி இதுதான். நாக்கைப் பார்க்காதே, நிலத்தைப் பார். குடும்பஸ்தர்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பழனியாண்டிக்கு வயது முப்பத்தாறு. இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயின. லொறிக்காரனா, ஊருக்கு ஒரு குடும்பம் வைத்திருப்பானே என்று சொல்லித் தட்டிக் கழித்தார்கள். உண்மையில் அவனுக்கு ஊருக்கு ஓர் இறக்கம்தான் உண்டு. ஆனால் அதை யார் போய் விளக்குவது?

மூன்றாவதாக ஒரு தரகர் மூலம் அப்புத்தளைக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண் அமைந்தது. பெயர் அஞ்சலை. பழனியாண்டிக்குத் தாய் தகப்பன் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக நான் வரவேண்டும் என்று கேட்டான்.

"இதுவும் போச்சுன்னா, அடுத்தாப்புல இந்த லொறிக்கே தாலி கட்டிட வேண்டியதுதாங்க மாஸ்டர்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

முதலாளி லீவு தரவில்லை. ஆகவே ஞாயிறு, மரக்கறி ஏற்றிக்கொண்டு போகிற வழியில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் நல்ல நேரம்.

கிளீனர் இல்லாததால் அன்றைக்குக் கட்டை போடுகிற உத்தியோகம் எனக்கு. கட்டை போடுவது சுலபம். கட்டையை உருவுவதுதான் கலை. உருவிய மறுகணம் லொறி நகரும். அதன் பின்னாலேயே ஓடி, கதவைப் பிடித்து, ஏற வேண்டும். பட்டுக்கரை வேட்டி, கழுத்தில் சால்வை, ஒரு கையில் கட்டையோடு பண்டாரவளை வீதியில் நான் ஓடிய ஓட்டத்தை என் மாணவர்கள் இருவர் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் என்றுமில்லாத அமைதி!

வழி நெடுகப் பழனியாண்டி தொழில் ரகசியங்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். தூக்கம் வந்தால் வெற்றிலை போதாது — பக்கத்தில் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிற ஓர் ஆளை ஏற்றிக்கொள்ள வேண்டும். கோபம் ஏற ஏறக் கண் திறந்தே இருக்குமாம். அவன் என்னை ஏன் இத்தனை தடவை இலவசமாக ஏற்றிப் போனான் என்று அப்போதுதான் விளங்கியது.

தோட்டத்துக்குள் திரும்பினோம். வந்தது வினை.

ஊவா மாகாணத்தில் தட்டையான இடம் என்று எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று அந்தத் தோட்டத்துப் பந்தடி மைதானம். பெண் வீடு இருந்த தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு, அதாவது லயம், அதன் ஓரத்தில் இருந்தது. பழனியாண்டி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டாவது சுற்றும் சுற்றினான். பெண் வீட்டார் வாசலில் கைகூப்பியபடி தலையைத் திருப்பித் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்றும் முடிந்தது. ஒரு சாண் இறக்கம்கூட இல்லை.

"மாஸ்டர், நிப்பாட்டுனா போச்சு. சும்மா ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்றான். முகம் வெளுத்திருந்தது.

"உள்ளதைச் சொன்னால் என்ன?"

"தரகர் லொறி புத்தம் புதுசுன்னு சொல்லி வச்சிருக்காருங்க."

தரகர் அன்றைக்கு வரவில்லை. தரகர்கள் புத்திசாலிகள்.

உள்ளே போனோம். எனக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். வெளியே லொறி கடகடவென்று அதிர்ந்துகொண்டு நின்றது. அந்தக் காம்பிரா அறையின் தகரக் கூரை கூடவே அதிர்ந்தது. சுவரில் இருந்த முருகன் படம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. பேச்சே கேட்கவில்லை. "பொண்ணு ஆறாவது வரைக்கும் படிச்சிருக்கு" என்று அவர்கள் சொன்னதை நான் "ஆறு பிள்ளைகளா?" என்று கேட்காமல் விட்டது கடவுள் செயல்.

பெண்ணின் தகப்பன் சுப்பையா, ஒடிசலான மனிதர். தலையைச் சாய்த்து வெளியே கேட்டுக்கொண்டே இருந்தார். பேசியதெல்லாம் பெண்ணின் அத்தை.

"வந்தவங்க நிக்கிற மாதிரி தெரியலையே அண்ணே. லொறிக்காரவங்கன்னா இப்படித்தான். ஒரு காலு இங்க, ஒரு காலு ரோட்டுல. கல்யாணத்தன்னிக்கும் எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருக்குமோ?"

பழனியாண்டி தலை குனிந்திருந்தான். பெரியவராக வந்தவன் நான் சும்மா இருக்கலாமா? தொண்டையைச் செருமினேன்.

"அது வந்து... இது புது எஞ்சின் பாருங்கோ. இந்த மலைக் குளிருக்குள்ளை திடீரெண்டு நிப்பாட்டினால் உள்ளுக்கு இரும்பு சுருங்கிப் போகும். மனுசருக்குச் சளி பிடிக்கிற மாதிரித்தான். பிறகு மாறாது."

சுப்பையா என்னை மரியாதையோடு பார்த்தார். "அப்படிங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். நானும் விடவில்லை. சீமையில் எஞ்சின்களுக்குக் கம்பளி போர்த்துவதாகக்கூடச் சொன்னேன்.

அப்போதுதான் அஞ்சலை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். நல்ல உயரம், நிதானமான நடை. குனிந்து தட்டை நீட்டப் போனவள் ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்த்தாள்.

"அப்பா, லொறியில தண்ணி கொதிக்குதுங்க" என்றாள்.

பார்த்தேன். லொறியின் மூக்கிலிருந்து புகை புகையாக ஆவி. பழனியாண்டி சடாரென்று எழுந்தான். அவனுக்கு இரண்டே வழி. ஏறி ஓட்டிக்கொண்டு போனால் காற்றில் சூடு தணியும், லொறி பிழைக்கும், லீக்ஸ் பிழைக்கும், வேலை பிழைக்கும் — பெண் போய்விடும். நிறுத்தினால்...

அவன் யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

"பாத்தீங்களா, கெளம்பிட்டாரு!" என்றாள் அத்தை.

நான் சால்வையை எடுத்துத் தோளில் போட்டேன். அவனுக்காக மனம் வலித்தது, உண்மையாகவே வலித்தது. தட்டோடு நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. லொறிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அடுத்து — எஞ்சின் நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்? கூரை அடங்கியது. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. பழனியாண்டி திரும்பி வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எழுந்து ஓடுகிற அவசரம் இப்போது அவன் உடம்பில் எங்கும் இல்லை.

"லொறி புதுசு இல்லீங்க. தரகர் சொன்னது பொய். மாஸ்டர் சொன்னதும் பொய். பேட்டரி செத்துப்போச்சு. எறக்கத்துல விட்டாத்தான் கெளம்பும், இங்க எறக்கமே இல்லை. தள்ளணும். தள்ளுனாலும் கெளம்புமான்னு தெரியாது." மூச்சு வாங்கினான். "இப்ப தேத்தண்ணி குடுங்க."

சுப்பையா சிரித்தார். அன்றைக்கு முதல் தரம் சிரித்தார்.

"நீங்க எறக்கம் தேடி மூணு சுத்து சுத்துனப்பவே எனக்குத் தெரியும் மாப்புள. இருவத்திரெண்டு வருசமா இந்தத் தோட்டத்து ஸ்டோருல தேயிலை அரைக்கிற எஞ்சின் ஓட்டுறவன் நானு. நிப்பாட்டுவீங்களா மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா சொன்ன அந்தச் சளிதான் நமக்குப் புதுசுங்க."

நான் தேத்தண்ணிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். 'மாப்புள' என்ற சொல் எல்லாருடைய காதிலும் விழுந்திருந்தது, அத்தையைச் சேர்த்து. அதன் பிறகு சாப்பிடாமல் விடுவார்களா?

சாப்பிட்டுத் தள்ள வந்தபோது மணி இரண்டு. லயத்தில் இருந்தவர்கள், பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் — நாற்பது பேருக்குக் குறையாது. சுமையோடு நின்ற லொறி முதலில் அசையவே இல்லை. "ஏலேலோ" என்று அத்தைதான் குரல் கொடுத்தாள். எனக்குப் பக்கத்தில் நின்று தள்ளியவளும் அவள்தான்.

"மெதுவாத் தள்ளுங்கய்யா, எஞ்சினுக்குச் சளி பிடிச்சிரும்" என்றாள்.

இரண்டு தரம் இருமி நின்றது. மூன்றாம் தரம் மைதானத்து மூங்கில் கம்பங்களுக்கு நடுவே போகும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது. பந்தடிப் பையன்கள் "கோல்!" என்று கத்தினார்கள். பழனியாண்டி நிறுத்தவில்லை, நிறுத்த முடியாது. ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே போனான். நான் புழுதி படிந்த வேட்டியோடு அப்புத்தளைக்கு நடந்து ரயில் பிடித்தேன்.

லொறி கொழும்பு சேர்ந்தபோது அச்சகக் கதவு சாத்தியாகிவிட்டது. லீக்ஸ் வாடிவிட்டது. உங்களுக்கு அல்வா கிடைத்தது.

கல்யாணம் ஆவணியில். முதலாளி இன்னும் பேட்டரி வாங்கவில்லை.

பட்ட பாட்டுக்குப் பயந்து, இந்தத் தடவை வியாழக்கிழமையே எழுதிவிட்டேன். இன்றைக்குக் காலையில் இந்தப் பத்தியை வாங்கிப்போகப் பழனியாண்டி வந்தான். மழமழவென்று சவரம், தலையில் எண்ணெய், வெளுத்த சட்டை. மரக்கறி ஏற்றப் போகிற ஆளுக்கு இவ்வளவு அலங்காரமா?

"போற வழியில மாமாவுக்கு ரெண்டு கட்டு லீக்ஸ் குடுத்துட்டுப் போகணுங்க மாஸ்டர். அஞ்சே நிமிசம்."

"எஞ்சினை ஓட விட்டிட்டுத்தானே?"

தரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"நிப்பாட்டிருவேங்க."

அவன் கையிலிருந்து உறையை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆகவே வாசகர்களே, இந்த வாரம் இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அதற்குக் காரணம் தபால்காரர்.