நூல் ஆடினால் இழுக்காதே

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேலதிகாரியின் மூக்குக்கண்ணாடியை ஒன்பதாம் நம்பர் குத்தியால் அடித்துக் கழற்றியவன் நான். அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்கு என் திறமை காரணமல்ல. மண்டைதீவில் அவருடைய இங்கிலீசை மொழிபெயர்க்க வேறு ஆள் அகப்படவில்லை.

அது சமாதானக் காலம். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, வலைக் கிழிசல் பொத்தவும் கூட்டம் வைக்கவும் எங்கள் கரையில் ஒரு நீண்ட மண்டபம் கட்டியது. பொறுப்பாளர் ஊர்சுலா என்ற ஜெர்மன்காரி. நாங்கள் 'மிஸ்' என்போம். நான் அவருடைய கள உதவியாளர். அதற்கு முதல் இருபது வருடம் கைத்தூண்டில் போட்டவன்.

மிஸ்ஸுக்கு அவருடைய ஊரில் ஒரு விளையாட்டுப் பைத்தியம் இருந்தது. ஒன்பது மரக் குத்தியை நிறுத்தி வைத்து, போளை என்கிற மரப்பந்தை உருட்டி விழுத்துவது. மண்டபத்தின் நீளத்தைக் கண்டதும் அவருக்குக் கை அரித்தது. நிவாரணச் சாமானோடு சாமானாகக் குத்திகளும் போளைகளும் கப்பலில் வந்து இறங்கின. சீமெந்துத் தரையில் கோடு கீறி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேன் போட்டோம்.

மெஷின்

குத்தி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நூல் உண்டு. ஜெர்மனியில் அந்த நூலை மெஷின் இழுத்து, விழுந்த குத்தியைத் தூக்கி நிறுத்துமாம். எங்களுக்கு மெஷினும் இல்லை, நூலும் போதவில்லை. நூலுக்குப் பதில் மீன்பிடிக்கிற தங்கூசி கட்டினேன். மெஷினுக்குப் பதில் என்னைக் கட்டினார்கள். லேனின் முடிவில், குத்திகளுக்கு மேலே ஒரு பலகைப் பரண். அதில் நான். என் விரல்களில் ஒன்பது தங்கூசி.

மிஸ் முதற் போளையை உருட்டிவிட்டு, குத்திகள் எப்படி விழுகின்றன என்று குனிந்து பார்க்க ஓடி வந்தார். போளை பட்டது. விரலில் தங்கூசி துடித்தது. இருபது வருடத்து விரல் என்னைக் கேட்கவில்லை, சுண்டி இழுத்துவிட்டது. குத்தி மேலே பறந்து, ஊஞ்சலாடித் திரும்பி, மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனது.

"ஏன் இழுத்தீர்?" என்றார், கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டே.

"கொத்தினது, மிஸ்."

ஐஸ் பெட்டி

மிஸ் பெண்களுக்கு ஒரு போட்டி வைக்கத் தீர்மானித்தார். நோட்டீஸ் எழுதியது நான். 'சர்வதேச விதிப்படி பெண்களுக்கான ஸ்பிரிண்ட் நொக் அவுட்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ஸ்பிரிண்ட் என்றால் ஓட்டமல்ல, ஆட்டம் குறுகியது. ஒரு லேனில் இருபது போளை, பிறகு லேன் மாறி இருபது. லேனுக்கு ஒரு புள்ளி. ஆளுக்கொரு லேன் வென்றால் ஆளுக்கு மூன்று போளை உருட்டி முடிவு காணவேண்டும். தோற்றவர் வீட்டுக்கு.

பரிசு, ஆள் படுக்கக்கூடிய ஐஸ் பெட்டி. அதைக் கண்டதும் என் மனிசி பிலோமினா சமையலை மறந்தாள். அவள் கரையில் மீன் வாங்கி விற்பவள். காலை பத்து மணிக்கு வியாபாரியின் வான் வரும். அவன் சொல்வதுதான் விலை. மறுத்தால், அதற்குப் பிறகு மீன் எங்களுடையதல்ல, மொய்க்கிற இலையானுடையது. பெட்டி இருந்தால் பின்னேரம்வரை வைத்து விலை பேசலாம்.

மீன் கூடையைத் தூக்குகிற அதே குனிவோடு போளையை உருட்டினாள். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிராக நின்றவள் எமல்டா. அவளும் மீன்காரி, அதே வானுக்குக் காத்திருப்பவள். என்னோடு ஒரே வள்ளத்தில் போன அன்ரனின் மனிசி. மற்ற லேனின் மெஷின் அந்த அன்ரன்தான்.

"அக்காவின்ரை மனிசன் நூலிலை இருக்கேக்கை நான் விளையாடேலாது," என்றாள் எமல்டா.

"அப்ப உம்மடை மனிசன் என்ன, சம்மனசோ?" என்றாள் பிலோமினா.

மிஸ் யோசித்தார். லேன் மாறுவதால் இரண்டு புருஷன்மாரும் இரண்டு பேருக்கும் சமமாக வாய்ப்பார்கள், கெடுதியும் சமம் என்று தீர்ப்புச் சொன்னார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

காலையிலேயே பிலோமினா எனக்குச் சொல்லியிருந்தாள்: "நீங்கள் எனக்கு உதவி செய்யவேண்டாம். உபத்திரவம் செய்யாட்டில் காணும்."

ஆளுக்கொரு லேன் வென்றார்கள். மூன்று போளை வந்தது. பிலோமினா அன்ரனின் லேனில் தன் மூன்றையும் முடித்துவிட்டாள். என் லேனில் எமல்டாவுக்குக் கடைசிப் போளை. எட்டு விழுத்தினால் சமம், ஒன்பதும் விழுந்தால் ஐஸ் பெட்டி அவளுக்கு.

உருட்டினாள். எட்டுக் குத்தி படுத்தது. ஒன்பதாவது மட்டும் வெறிகாரன்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. தங்கூசி என் விரலில் ஒருமுறை மெல்லத் துடித்தது. மறுமுறையும் துடித்தது. விளைமீன் அப்படித்தான் இரண்டுதரம் ருசி பார்க்கும்.

சுண்டி இழுத்தேன்.

குத்தி கூரைத் தகரத்தில் 'டங்' என்று அடித்தது. மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. பிறகு பெருநாள்.

"கள்ளன்! மனிசிக்காக இழுத்திட்டான்!"

"அண்ணை, பகிடியோ?" என்றான் அன்ரன், அடுத்த பரணிலிருந்து.

"கொத்தினதடா!" என்றேன். அந்த மண்டபத்தில் இந்தப் பதிலை விளங்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். அவனும் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

எமல்டா அந்தப் போளையை மறுபடி உருட்டவேண்டும் என்றார் மிஸ். எமல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்போது பிலோமினா நடுவில் வந்தாள்.

"இப்பிடி வெண்ட பெட்டியிலை வைச்சால் ஐஸுக்குள்ளையும் மீன் நாறும். மூண்டு போளையும் முதலிலை இருந்து உருட்டுவம். இந்த ரெண்டு ஆம்பிளையளையும் வெளியிலை கலையுங்கோ. எமல்டாவுக்கு நான் நூல் பிடிக்கிறன், எனக்கு அவ பிடிக்கட்டும்."

நானும் அன்ரனும் வெளியே ஜன்னற் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தோம். முதலில் எமல்டா. பரணில் இருந்த பிலோமினாவின் விரல் அசையவேயில்லை. பிறகு பிலோமினா. கடைசிப் போளையில் எமல்டாவின் கணக்குக்குச் சமன் வந்துவிட்டது, மேலதிகமாக ஒரு குத்தி ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்தால் பெட்டி. அதன் நூல் எமல்டாவின் கையில். ஒரு சின்ன இழுப்புப் போதும், குத்தி நின்றிருக்கும்.

எமல்டா பத்து விரலையும் விரித்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். குத்தி படுத்தது.

அடுத்த நாள் வியாபாரி வந்தபோது பெட்டிக்குள் இரண்டு வீட்டு மீனும் கிடந்தது. மூடியின் மேல் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அவன் சொன்ன விலைக்கு எழும்பவில்லை.

விரலைத் திறத்தல்

அதற்குப் பிறகு மிஸ் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பழக்கினார். நூல் ஆடினால் விரலைத் திற. மறுபடி ஆடினால் மறுபடி திற. ஒருவாறு பழகினேன். வேலை முடிந்து போகும்போது 'நம்பிக்கையான மெஷின்' என்று பாராட்டியும் போனார்.

நான் மறுபடி கடலுக்குப் போனேன். முதல் நாள், நல்ல விளைமீன். ஒருமுறை துடித்தது. மறுமுறையும் துடித்தது. பத்து விரலையும் அழகாகத் திறந்தேன். மீனும் தூண்டிலும் ஈயமும் தங்கூசியும் போயின.

புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பழைய வேலையின் கையைக் கழற்றி வைத்துவிட்டுப் புது வேலைக்குப் போங்கள். திரும்பி வரும்போது மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

பிலோமினா இதையே சுருக்கமாகச் சொன்னாள். வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

"விடவேண்டியதை இழுத்தியள், இழுக்கவேண்டியதை விட்டியள். இண்டைக்கு வைக்க மீன் இல்லை. நீங்களே ஏறிப் படுங்கோ."