தொடக்கூடாத மேசை

கொரோனாவுக்குப் பூட்டிய பல்கலைக்கழகத்தை மறுபடி திறந்தார்களே, அந்த வருடத்து நவராத்திரியில் நடந்தது இது. பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், அந்தப் பல்கலைக்கழகத்தில் நான் துப்புரவு வேலை செய்த கட்டடத்தில் ஓர் அறைக்கு மட்டும் தனிச் சட்டம். நிலத்தைக் கூட்டலாம், குப்பை எடுக்கலாம். நடுவிலுள்ள மேசையைத் தொடக்கூடாது. தூசி துடைக்கவென்றே ஆள் வைத்துவிட்டு, இந்தத் தூசியைத் தொடாதே என்கிற நாடு.

அங்கே ஆராய்ச்சி செய்தவள் கயல், திருநெல்வேலிப் பிள்ளை. மேசையில் என்ன நடக்கிறதென்று ஒருநாள் கேட்டேன்.

“லேசர் ஒளியை ஊசிமுனைக்குக் குவிச்சு மூலக்கூறு மேல அடிக்கிறோம் ஐயா. அது உடையும்.”

“வெட்டுமோ பிள்ளை?”

“வெட்டாது. அணுக்களைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற எலக்ட்ரான்களைப் பிடுங்கிடும். அப்புறம் மிச்சம் எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு ஓடும். ஓடின திசையும் வேகமும் தெரிஞ்சா, முன்னால எப்படிச் சேர்ந்து நின்னுச்சுன்னு சொல்லிடலாம்.”

“எங்கட வீட்டையும் ஒருக்காச் சொல்லு பாப்பம். அண்ணை ஒஸ்லோவில, தங்கச்சி லண்டனில, நான் இங்கை.”

“வேகம் தெரியணுமே ஐயா.”

“எல்லாரும் நல்ல வேகமாத்தான் ஓடினவை.”

சிரித்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. நாங்கள் சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள் அல்ல. போரில் ஷெல் விழுந்து அம்மா போனபிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஓடினோம்.

ஆயுத பூசையன்று கயல் தாயோடு போனில் கதைத்துவிட்டு வந்தாள். “வீட்ல திருப்புளிக்குக்கூடப் பொட்டு வச்சாச்சாம். என் மேசைக்கு யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நான் மூன்றாம் வகுப்போடு லொறிக் கராஜுக்குப் போனவன். ஆயுத பூசைக்கு முதல்நாள் முதலாளி ஒவ்வொரு ஸ்பானர் சாவியையும் மண்ணெண்ணெயில் கழுவ வைப்பார். அழுக்கு ஆயுதம் கைவிடும் என்பார். அன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு யாருமில்லை என்று பட்டது. லேசர் அணைந்திருந்தது. மேசையில் ஒளியைத் திருப்புகிற சின்னக் கண்ணாடிகளை என் துணியாலேயே, சாமிப்படம் துடைப்பதுபோலத் துடைத்தேன்.

மறுநாள் ஒளியை விட்டதும், துணியின் ஈரம் காய்ந்து கறை படிந்த இடமெல்லாம் கருகிப்போயிற்று. புதுக் கண்ணாடி வர மாதங்கள் ஆகுமாம். ஆராய்ச்சியை முடிக்க அவளுக்கு அந்தப் பனிக்கால மாரி மட்டும்தான் இருந்தது. பேராசிரியர் என்னைக் கேட்டார், தொட்டாயா என்று. “நோன், முசியே.” பிரெஞ்சில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வசனம் அந்தப் பொய். அறுபத்து மூன்று வயதில் வேலை போனால் யார் எடுப்பான் என்ற பயம்.

“நானே தூக்கக் கலக்கத்துல கை வச்சிட்டேனோ என்னவோ ஐயா. என்னையே நம்ப முடியல,” என்றாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தை மாதம் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

ஊரில் பூசையாக இருந்த வேலை இங்கே ஒரு பிள்ளையின் படிப்பை எரித்தது. இரண்டு இடத்திலும் கை என்னுடையதுதான்.

திருநெல்வேலிப் பக்கம் இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவளைக் கண்டால் சொல்லிவிடுங்கள்: பிள்ளை, உன் கை தவறவில்லை. துடைத்தவன் நான்.