குக்கருக்குள் ரோமாபுரி

முடிச்சூர் ராஜகோபாலுக்குச் சவுரிமுத்து அறுபதாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் பட்ட கடன். குடித்துப் பட்டதில்லை, சீட்டாடிப் பட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆற்றுத் தண்ணீர் பட்டறைக்குள் புகுந்து வெல்டிங் மிஷின், டிரில்லிங் மிஷின், கட்டர் எல்லாவற்றையும் சேற்றில் புதைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் ஒரு மனுஷன் மறுபடி எழுந்து நிற்பதற்காகப் பட்ட கடன் அது.

சவுரிமுத்து யார் என்று தாம்பரத்துக்குத் தெற்கே யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, தாம்பரத்தில் ஒரு கிரில் பட்டறையில் தரை கூட்டப் போனவர். முப்பது வயதில் அவருக்குச் சொந்தப் பட்டறை. முடிச்சூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும், திறந்தால் முனகாத கேட் ஒன்றைப் பார்த்தால், அது அவர் போட்டதாகத்தான் இருக்கும். யாரும் கை தூக்கிவிடவில்லை. சிபாரிசு கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கை.

உழைக்கிறவன் எவனும் இதைச் செய்வான் என்று ஒருவர் சொல்லலாம். சரி. ரோமாபுரி ராஜாக்களின் காசை எத்தனை வெல்டர் சேர்த்து வைத்திருக்கிறான்?

அதுவும் கோவளத்தில் ஆரம்பித்ததுதான். புயல் ஓய்ந்து கடல் உள்வாங்கின மறுநாள், குப்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் கரை மணலைச் சலித்துத் தங்கப் பொடி தேடுவார்கள். தங்கம் யார் யாருக்கோ கிடைத்தது. சவுரிமுத்துவுக்குக் கிடைத்தது சுண்டுவிரல் நகத்தளவு ஒரு செம்புத் துண்டு. அம்மா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அதில் ஒரு தலை. மூக்கு நம் ஊர் மூக்கு இல்லை. கடற்கரைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்து "ரோம், ரோம்" என்று குதித்தார். பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். அந்தக் காலத்துப் பத்து ரூபாய்! கொடுக்கவில்லை.

"அந்த வயசுல பத்து ரூபாய வேணாம்னு சொன்னேன்னா, நான் இன்னா ஆளுன்னு நீயே பாத்துக்கோ" என்று சவுரிமுத்து இன்றைக்கும் சொல்வார். வெள்ளைக்காரர் நீட்டிய தொகை ஐம்பது என்றும் சில நாள் சொல்வதுண்டு.

கை நிறையச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, சென்னையில் எங்கே நாணயக் கண்காட்சி நடந்தாலும் போய், பில் போட்டு வாங்கினார். காசில் இருக்கும் எழுத்தை அவரால் படிக்க முடியாது. ஆனால் தலைகள் தெரியும். மூக்கையும் தாடையையும் வைத்தே எந்த ராஜா என்று சொல்லிவிடுவார். பின்பக்கத்துப் படங்கள் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளிக் காசில் ராஜாவின் அம்மா கையில் ஒரு கிளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சின்னச் செம்புக் காசில் ஒரு சிப்பாய் குதிரையிலிருந்து சரிந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்துவான். இன்னொன்றில் கோட்டை வாசல். மேலே இரண்டு கோபுரம், நடுவில் ஒரு நட்சத்திரம். ஒன்றில் மட்டும் ஒரு கம்பத்தில் தோற்ற ராஜாவின் கவசத்தையும் கேடயத்தையும் மாட்டியிருக்கும். கம்பத்தின் அடியில், கையைப் பின்னால் கட்டிப்போட்ட ஒருவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான்.

இத்தனையையும் அவர் வைத்திருந்தது ஒரு பழைய பிரஷர் குக்கரில். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். வெள்ளத்தன்று முடிச்சூரில் எத்தனை பீரோ மூழ்கியது? சவுரிமுத்துவின் குக்கர் மட்டும், மூடி இறுகிப் பிடித்தபடி, அவர் மடியில் மொட்டை மாடியில் பத்திரமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ராஜகோபால் முடிச்சூரின் பழைய விவசாயக் குடும்பம். வயல் எல்லாம் பிளாட் ஆன பிறகு அவரிடம் நிறையப் பணம் இருந்தது, பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் வீட்டு கேட் சவுரிமுத்து போட்டதுதான். வெள்ளம் வடிந்ததும், கேட்காமலேயே கூப்பிட்டு அறுபதாயிரத்தை எடுத்துக் கொடுத்தார்.

"வட்டி கிட்டின்னு பேசின, அடிப்பேன் சவுரி. எப்போ முடியுதோ அப்போ குடு. ஒண்ணே ஒண்ணு. கடன் தீர்ற வரைக்கும் அந்தக் காசுங்கள எவன்கிட்டயும் வித்துடாத. நம்ம வூட்டுக்கு யாராவது வந்தா எடுத்துனு வந்து காட்டு. அது போதும்."

அது போதும் என்றார். அந்த வார்த்தைக்குள்தான் சவுரிமுத்து மாட்டிக்கொண்டார்.

முதல் வருஷம் அவருக்கே சந்தோஷம். சோபாவில் உட்கார வைத்து, டபராவில் காபி கொடுத்து, படித்தவர்களும் பெரிய வேலைக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்? கடன் விஷயத்தை ராஜகோபால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. "நம்ம சிநேகிதர்" என்றுதான் அறிமுகம் செய்வார். சவுரிமுத்துவும் காலை ஆட்டிக்கொண்டு, ஆமாம் சிநேகிதர்தான் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் அழைப்பு நிற்கவில்லை. ராஜகோபாலின் கூடப் படித்தவர்கள் வந்தால் போன். புதிதாகக் குடிவந்தவர்கள் வந்தால் போன். சவுரிமுத்துவுக்குக் காய்ச்சல் என்றால், "ஆட்டோ அனுப்பட்டா?" கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று போன். புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்ற செல்வமேரி, புருஷன் குக்கரைத் துடைப்பதைப் பார்த்தாள்.

"பூசைக்குப் போவணும்."

"ஒரு அர அவர்தான்."

"கட்டுன பொண்டாட்டிக்கு அர அவர் கிடையாது. அந்த மூக்கு ராஜாவுங்களுக்குத்தான் உன் சாயங்காலம் பூரா."

அவருக்கும் கசந்துவிட்டது. முறுக்குத் தின்ற கையோடு குழந்தைகள் வெள்ளிக் காசைத் தடவுவார்கள். கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் ராஜகோபாலே குறுக்கே வருவார். "அப்படி இல்ல சவுரி, போன தடவ சொன்னியே, குதிரைலேர்ந்து விழறவன் அழுவுறானே, அத சொல்லு." சொந்தக் கதையை இன்னொருத்தர் கேட்கிற மாதிரி சொல்வது இருக்கிறதே, அது தானே போட்ட கேட்டுக்கு உள்ளே தானே நின்று பூட்டிக்கொள்கிற மாதிரி.

கடனைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எறியாமலா இருந்தார்? அடுத்த வருஷமே பணம் புரட்டிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். திரும்பி வந்தார். புது நோட்டு மாற்றிக்கொண்டு போனால் ராஜகோபால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெளக்கு வெச்சாச்சு சவுரி. இப்போ பணம் கை மாறக் கூடாது."

"போறது எங்க வூட்டு லட்சுமிதானேண்ணா. உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"உங்க வூட்டு லட்சுமிய அனுப்பிட்டு நான் நிம்மதியா தூங்குவனா?"

பகலில் போனால் ராஜகோபால் கேளம்பாக்கத்து இடத்தைப் பார்க்கப் போயிருப்பார். அவர் மனைவி கங்கையம்மாள் பணத்தைத் தொடமாட்டார். "அவுரு கையிலயே குடுத்துடுப்பா." சவுரிமுத்துவின் மகன் ஜெபகுமார், அப்பா படும் பாட்டைப் பார்த்து, போனிலேயே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டான். மறுநாள் பணம் அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஐந்நூறு ரூபாய், அவன் குழந்தைக்குச் சட்டை எடுக்கச் சொல்லி.

ஜெபகுமார் போனை அப்பாவிடம் காட்டினான். "இன்னாப்பா இது, வாங்கிக்க மாட்டேன்னு ஒரு கடன்காரரா?"

"கடன்காரன் அவரில்லடா, நான்."

போகாமல் இருந்துவிடலாம். ஆனால் கூப்பிட்டுப் போகாவிட்டால், சாப்பிட்ட சோற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று ஆகிவிடும். ஊரில் ஒருத்தனிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காத சவுரிமுத்து என்று பெயர் எடுத்தவர் அவர். அந்தப் பெயர்தான் அவர் கால் விலங்கு.

ஒரு நாள் ராஜகோபால் வீட்டில் சவுரிமுத்து, கம்பத்தடியில் கைதி உட்கார்ந்திருக்கும் அந்தக் காசை விருந்தாளிகளிடம் காட்டிக்கொண்டிருந்தார். "தோத்தவன வெட்டிப் போட்டா அதோட முடிஞ்சுது சார். காசுல அடிச்சுட்டா, அந்தக் காசு எங்கெல்லாம் போவுதோ அங்கெல்லாம் அவனும் போவணும். கைய கட்டினு எல்லார் எதிர்லயும் உக்காரணும்." பழகிய வார்த்தைதான். அன்றைக்குச் சொல்லி முடித்ததும் காசைக் குக்கரில் திரும்பப் போடவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மேல சொல்லு சவுரி" என்றார் ராஜகோபால்.

போன தை மாதம் ஒரு போன் வந்தது. ராஜகோபாலின் பேத்தி தீபாவுக்கு நிச்சயதார்த்தம். "காலைல பத்து மணிக்கு வந்துடு. சம்பந்தி பெரிய பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயரானவரு. உன் காசுங்கள பாத்து அசந்துடணும்."

காலை பத்து மணி. இத்தனை வருஷத்தில் பகலில் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சவுரிமுத்து போனை வைத்துவிட்டு, குக்கரைத் திறந்து, காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பிஸ்கட் டப்பாவுக்கு மாற்ற ஆரம்பித்தார்.

விஷயம் புரிந்ததும் செல்வமேரி பதறினாள். "அத்தினி பேர் எதிர்ல கடன்காரன்னு உன் வாயால சொல்லிக்கப் போறியா?"

"வேற வழி கீதா?"

"ஊரே நாறும்."

"நாறட்டும். அப்புறமாவது சாயங்காலம் என்னுதா இருக்கும்."

நிச்சயதார்த்தத்தன்று கூடம் நிறைந்திருந்தது. சம்பந்தி ஷ்யாம்சுந்தர் சந்தனம் பூசிய நெற்றியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். தாம்பூலம் மாற்றி முடிந்ததும் ராஜகோபால் கையைத் தட்டினார்.

"சவுரி, வா வா. சம்பந்தி, இவரு நம்ம சிநேகிதரு. ரெண்டாயிரம் வருசத்துக் காசெல்லாம் வெச்சுகினு கீறாரு. எதுல வெச்சிருக்காருன்னு பாருங்க!"

குக்கரைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சவுரிமுத்து அதை நடுக்கூடத்தில் வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் புதுசு ஒண்ணு எடுத்தாந்துகீறேன்."

ராஜகோபாலின் முகம் பூரித்தது. "எங்கிட்டயே சொல்லலியே!"

சவுரிமுத்து மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே ரப்பர் பாண்டு போட்ட ஐந்நூறு ரூபாய்க் கட்டு. அதிலிருந்து ஒரு நோட்டை உருவி, வெள்ளிக் காசைப் பிடிப்பது போலவே இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"முன்பக்கம் ஒரு தலை. இந்தத் தலைக்குக் கிரீடம் கிடையாது, கண்ணாடி கீது. பின்பக்கம் ஒரு கோட்டை வாசல். ரோமாபுரிக்காரன் கோட்டைக்கு மேல நட்சத்திரம் வெச்சான். நம்மாளு கொடி வெச்சுகீறான்."

கூடமே கொல்லென்று சிரித்தது. தீபா கை தட்டினாள். ராஜகோபாலும் சிரித்தார். கட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சவுரி, இன்னா இது?"

"இதுக்கும் ஒரு கத கீதுண்ணா. வெள்ளத்துல என் பட்டறை முழுகிச்சு. அப்போ இவரு அறுபதாயிரம் குடுத்தாரு. வட்டி வாங்கல. வெளில ஒரு வார்த்த சொல்லல. நீங்கல்லாம் என்ன இவரு சிநேகிதன்னு நெனச்சுகினு கீறீங்க." கையிலிருந்த நோட்டைக் கட்டின்மேல் வைத்தார். அடுத்தது, எழுபதை நெருங்கும் வயதில், அந்த ஊரில் அவர் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. "நான் கடன்காரன் சார்."

ராஜகோபால் கையைப் பின்னால் கொண்டுபோனார். "நல்ல நாள் அதுவுமா இன்னாத்துக்கு இந்தப் பேச்சு? அப்பால பாத்துக்கலாம்."

"வெளக்கு வெக்க இன்னும் எவ்ளோ நேரம் கீதுண்ணா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷ்யாம்சுந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல நேரத்துல பணம் வீடு தேடி வருது, வேண்டாம்னு சொல்லுவாங்களா சம்பந்தி? கை நீட்டுங்க. நான் கூட எண்றேன், முப்பது வருஷம் இதேதான் என் வேலை."

எல்லோரும் ராஜகோபாலையே பார்த்தார்கள். அவர் குனிந்து, சவுரிமுத்துவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாங்கிட்டா நீ அப்புறம் வர மாட்ட."

சவுரிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் பார்த்த முகம்தான். இப்படிப் பார்த்ததில்லை.

"கூப்புடுங்கண்ணா. வரணும்னு இருந்தா வருவேன்."

ராஜகோபால் எதிரே மெதுவாக உட்கார்ந்து, வலது கையை முன்னால் கொண்டுவந்து விரித்தார்.

சவுரிமுத்து முதல் நோட்டை வைத்து, "ஒண்ணு" என்றார்.

"லாபம்" என்று திருத்தினார் ராஜகோபால், களத்தில் நெல் அளக்கும்போது ஒன்றை லாபம் என்று எண்ணிய காலத்து வழக்கம் மாறாமல்.

"லாபம்" என்றார் சவுரிமுத்து. "ரெண்டு. மூணு."

அவசரப்படவில்லை. ஒவ்வொரு நோட்டையும் தடவிப் பார்த்து, ஒட்டிக்கொண்டதைப் பிரித்து, எண்ணி எண்ணி வைத்தார். நூறு தாண்டியதும் ராஜகோபாலின் கையில் நோட்டுகள் சரியப் பார்த்தன. இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நூற்றிருபதாவது நோட்டைச் சவுரிமுத்து திருப்பி, கோட்டை வாசல் மேலே தெரிகிற மாதிரி, விரிந்திருந்த அந்தக் கையில் வைத்தார்.